கிராணி கொடுத்த கெடு

சிறு குழந்தைகளுக்குப் பள்ளி நடத்துகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம், தம் கைகளைத் தம்மிடமே வைத்துக்கொள்வதுதான். சென்னையில் பி.ஏ. முடித்து, அங்கேயே மாண்டிசோரி முறையையும் பயின்று வந்து, பினாங்கு நகரத்தில் ஒரு கடைவீட்டின் முன்னறையில் பதினொரு குழந்தைகளுடன் பள்ளி தொடங்கிய எனக்கு, பட்டம் வாங்குவதைவிட இது கடினமாக இருந்தது. மூன்று வயதுப் பிள்ளை செருப்பு வாரோடு கால் மணி நேரம் மல்லுக்கு நிற்பதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்த்திருக்கும் சகோதரிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இராது.

தச்சரின் திருத்தம்

கருவிகளைச் சீமையிலிருந்து வரவழைக்க வசதியில்லை. ஆகவே நகரை அடுத்த ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் இருந்த ஒரு சீனத் தச்சரிடம் படத்தைக் காட்டி, நீண்ட மரக்கட்டையில் பத்துத் துளைகளும் அவற்றில் அமரப் பத்து உருளைகளும் செய்யச் சொன்னேன். முதல் உருளை பருமனானது. பத்தாவது சுண்டுவிரல் அளவே இருக்கும். இடம் மாற்றிப் போட்டால், கடைசியில் ஓர் உருளை போக இடமின்றி நிற்கும். ஆசிரியை வாய் திறக்காமலே குழந்தை தன் பிழையைத் தானே கண்டுகொள்ளும்.

பத்து நாளில் கட்டை வந்தது. வழவழப்பில் முகம் பார்க்கலாம். ஆனால் பத்துத் துளைகளும் ஒரே அளவு. பத்து உருளைகளும் ஒரே அளவு. படத்தில் கண்டது யாரோ கற்றுக்குட்டியின் வேலை என்று கருதி, பெரிய மனதுடன் அவரே திருத்தியிருந்தார். எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் நான் விளக்கி முடித்ததும், அதே மலாயில் அவர் சொன்னது இது: “தப்பு வராம செய்யத்தான் எல்லாரும் எனக்குக் காசு கொடுக்கிறாங்க. தப்பு வர்ற மாதிரி செஞ்சு கொடுன்னு கேட்ட மொத ஆளு நீங்கதாம்மா!”

அரிசி அளக்கும் பள்ளி

பிலோமினாவுக்கு நான்கு வயது. வந்த புதிதில் தாயின் இடுப்பைவிட்டு இறங்க மாட்டாள், ஊட்டினால்தான் உண்பாள், யாரோடும் பேசமாட்டாள். மூன்று மாதத்தில், தன் பாயைத் தானே விரித்து, ஒரு கூஜாவிலிருந்து மறு கூஜாவுக்கு ஒரு மணி சிந்தாமல் அரிசியை ஊற்றுகிறவளாக ஆகியிருந்தாள். எனக்கு அது பெரிய வெற்றி. அவளுடைய தந்தை சவரிமுத்துவுக்கு அப்படித் தோன்றவில்லை.

அவர் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. ஒரு நாள் பள்ளி விடும் வேளையில், தொப்பியைக் கையில் பிடித்தபடி, கடைவீட்டு வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் நின்றார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் மகள் தன் பெயரை எழுத வேண்டும். இல்லாவிட்டால் பெஞ்சும் பலகையும் பிரம்பும் உள்ள பெரிய பள்ளியில் சேர்த்துவிடுவேன் என்றார். அவர் குடியிருந்த வீட்டு வரிசையிலிருந்து இன்னும் நான்கு குழந்தைகள் என்னிடம் வந்தார்கள். அவர் மகளை நிறுத்தினால் அவர்களும் போவார்கள், ஆறு குழந்தைகளோடு பள்ளி நிற்காது. அரிசி ஊற்றும் கைதான் பின்னால் எழுதுகோலைப் பிடிக்கும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். “அரிசி அளக்கிறதுக்கு எங்க வீட்டு அடுப்படியே போதும் டீச்சர்,” என்றார் அவர். “அங்க வாடகை கெடையாது.”

உடைந்த குவளை

குழந்தைகளுக்குக் கண்ணாடிக் குவளையா என்று என் உதவியாளர் மரியம்மாள் முதல் நாளே மறுத்தவர். தகரக் குவளை விழுந்தால் ஓசை மட்டுமே வரும்; கண்ணாடி விழுந்தால்தான் குழந்தை அடுத்த முறை இரு கையாலும் பிடிக்கும் என்பது எங்கள் முறை. ஒரு நாள் பிலோமினா உடைத்துவிட்டாள். துடைப்பத்தோடு பாய்ந்த மரியம்மாளின் முந்தானையை நான் பிடித்துக்கொண்டேன். சில்லுகளை நானே பொறுக்கியபின், சிந்திய நீரைப் பிலோமினா துணியால் ஒற்றி, பிழிந்து, உலர்த்திவிட்டு, வேறொரு குவளையை எடுக்கப் போனாள். மரியம்மாள் மூக்கில் விரலை வைத்தார்: “நான் பெத்த நாலும் ஒடைச்சா முதுகுல வாங்கும் டீச்சரம்மா, இது என்னடான்னா, ஒடைச்சதுக்கு உத்தியோகம் கெடைச்ச மாதிரியில்ல தொடைக்குது!”

பிடித்த கை

எழுத்துகளை நாங்கள் உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டியிருந்தோம். குழந்தை இரு விரல்களால் அதைத் தடவித் தடவி, கைக்கு வழி பழகிய பின்பே சுண்ணக்கட்டியைத் தொடும். நவம்பர் பிறந்ததும் பிலோமினா அட்டைகளைத் தானாக எடுக்கத் தொடங்கினாள். எனக்குச் சற்றே மூச்சு வந்தது.

ஒரு காலையில் அவள் அட்டையின்முன் உட்கார்ந்து, கையை நீட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடவவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் தெரிந்தது: நான் சாப்பிடப் போகும் நேரத்தில், மரியம்மாள் அவளை மடியில் இருத்தி, கையைப் பிடித்துப் பலகையில் எழுதவைத்திருக்கிறார். நம் வீடுகளில் எல்லோரும் அப்படித்தானே எழுதத் தொடங்கினோம்? ஆனால் பிடிக்க ஒரு கை வரும் என்று தெரிந்த குழந்தை, தன் கையை ஏன் அசைக்கும்? பிலோமினா மறுபடி தானாக அட்டையைத் தொட இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரம் எங்களிடம் மிச்சமாக இருந்த காலத்தில் பாதி. மரியம்மாள் கண் கலங்கிப்போய்ச் சொன்னார்: “ஒங்க மொகத்தப் பாத்தேன், அந்தக் கிராணி மொகத்தப் பாத்தேன், எங் கை எங் கிட்ட நிக்கல டீச்சரம்மா.”

கெடு முடிந்த நாள்

டிசம்பரில், சொன்ன நாளில், சவரிமுத்து வந்தார். பெரிய நாற்காலி இல்லை. குழந்தை நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். “பாப்பா, ஒன் பேர எழுதிக் காட்டு.”

“அது இன்னும் எனக்கு வரலப்பா,” என்றாள் பிலோமினா, ஒளிவுமறைவில்லாமல்.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “போகாதீங்கப்பா, ஒக்காருங்க,” என்று அவள் பாயை விரித்து, ‘ஞ’ அட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். “கண்ண மூடிக்கிட்டு, ரெண்டு வெரலால தடவுங்க.” மகளுக்காக அவர் தடவினார். “அங்கேருந்து இல்லப்பா. மறுபடியும்.” தடவினார். “இல்லப்பா. மறுபடியும்.” மூன்றாம் முறையும் தவறியபின், அவள் தன் கண்களை மூடிக்கொண்டு, அவசரமில்லாமல் தடவி, அதன் ஒலியைச் சொன்னாள். பிறகு அடுத்த அட்டை, அதற்கடுத்தது. கண்ணைத் திறக்காமலே பன்னிரண்டு எழுத்துகளை விரலால் அறிந்து சொன்னாள்.

நான் என் கைகளை என்னிடமே வைத்துக்கொண்டேன். அதுதானே என் தொழில். சவரிமுத்து தொப்பியைப் பாயின்மேல் வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: “நான் அஞ்சு வயசுலேருந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்து எனக்குச் சரியாத் தெரியாதுலா. இவ பேரு மெதுவாவே வரட்டும், ஜனவரியில அனுப்புறேன். பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் நானே சொல்லிக்கிறேன். ஆனா எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் இத இவ சொல்லிடாமப் பாத்துக்குங்க டீச்சர்!”

‘எனக்கு இன்னும் வரவில்லை’ என்று சொல்ல நான்கு வயதுக்காரர்கள் மூன்று மாதத்தில் கற்றுக்கொள்கிறார்கள். முப்பது வயதுக்காரர்களும் அதைக் கற்றுவிடுகிறார்கள். அவர்களுக்குச் சற்றே தாழ்ந்த நாற்காலியும் சற்றே நீண்ட அவகாசமும் கொடுத்தால் போதும்.