கல்மண்டபத்துக்கு முன்னால் எங்கோ ஒரு புள்ளி

பட்டத்தின் பெயரிலேயே இரண்டு பாடம் இருந்தது: கணிதமும் தத்துவமும். வீட்டில் முதல் பாதியை மட்டும்தான் சொல்லியிருந்தேன். என் அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன். துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். "எம் பொண்ணு கணக்கு படிக்குது" என்று எல்லா டிரைவர்களிடமும் சொல்லிவைத்திருந்தார். கணக்கு என்றால் டீச்சர் வேலை, பேங்க் வேலை. தத்துவம் படித்தால் என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கே பதில் தெரியாது. பொய்யா சொன்னோம், பாதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதானே என்று சமாதானம் செய்துகொண்டு இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. வீடு திருவொற்றியூரில், கல்லூரி ராயபுரத்தைத் தாண்டி. வகுப்பில் நாங்கள் நான்கே பேர். கணிதத் துறை தரைத்தளம், தத்துவத் துறை மூன்றாம் மாடி, நடுவில் அறுபத்திரண்டு படி. ஒரு முடிவிலியைவிடப் பெரிய முடிவிலி உண்டு என்று காலையில் கீழே நிறுவிக் காட்டுவார்கள். மதியம் மேலே போனால், எண் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா என்று சண்டை நடக்கும். அந்தப் படிகளில் ஏறும்போது எனக்குக் கால் தரையில் பாவாது. பைத்தியம் பிடித்த சந்தோஷம் அது. மாலையில் பஸ் கம்பியில் தொங்கிக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டே வருவேன். காசிமேட்டில் ஏறும் மீன்கார அம்மா ஒருவர், "இன்னாம்மே, லவ்வா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

நான்காம் பருவத் தேர்வில் வந்தது வினை. ஒரு வளைகோடு அச்சுக் கோட்டுக்குக் கீழே தொடங்கி, எங்கும் அறுபடாமல் போய் அச்சுக்கு மேலே முடிகிறது. நடுவில் அது அச்சைத் தொடும் புள்ளி ஒன்று இருக்கிறது என்று நிறுவ வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் முதல் நாள் மாடியில் கேட்ட பாடம் மண்டையில் ஏறி உட்கார்ந்திருந்தது. 'இருக்கிறது' என்றால் என்ன? யாரும் பார்க்காத, எங்கே என்று சொல்ல முடியாத புள்ளியை இருக்கிறது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? நான்கு பக்கம் எழுதினேன். அதே வேகத்தில் மற்ற கேள்விகளிலும் நுழைந்து, ஒன்றுக்கும் விடை சொல்லாமல் வெளியே வந்தேன்.

மறுநாள் தத்துவம். 'கடவுள் உண்டா? விவாதிக்க.' இப்போது கணிதம் ஏறிக்கொண்டது. 'இல்லை என்று வைத்துக்கொள்வோம்' என்று தொடங்கி, ஏழாவது வரியில் ஒரு முரண்பாட்டைப் பிடித்து, நிரூபணம் முடிந்ததற்கு அடையாளமாகக் கீழே குட்டியாகக் கறுப்புக் கட்டம் போட்டு, நிறுவப்பட்டது என்று முடித்தேன். எல்லாக் கேள்விக்கும் ஏழெட்டு வரி, ஒரு கறுப்புக் கட்டம். அரை மணியில் வெளியே வந்து குச்சி ஐஸ் சாப்பிட்டேன். இப்படி ஒரு தேர்வை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று பெருமை வேறு.

உண்மைதான், யாரும் எழுதியிருக்கவில்லை. இரண்டிலும் பெயில்.

கணிதப் பேராசிரியை என் விடைத்தாளை விரல் நுனியில் பிடித்துக்கொண்டிருந்தார். தத்துவப் பேராசிரியர் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார். விதிப்படி என்னை வெறும் கணிதத்துக்கு மாற்றிவிடலாமாம். ஒரே ஒரு வாய்ப்பாக, திங்கள்கிழமை பத்து மணிக்கு இருவர் முன்னாலும் வாய்மொழித் தேர்வு. வெறும் கணிதம் ஒன்றும் நரகமில்லை. ஆனால் அந்த அறுபத்திரண்டு படிகளை இனி ஏற முடியாது என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திங்கள்கிழமை தேரடியிலேயே பஸ் நின்றுவிட்டது. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு கண்ணுக்கு எட்டிய மட்டும் நின்றன. இறங்கி ஓடினேன். நான்காவதோ ஐந்தாவதோ லாரியின் கீழே, கண்டெய்னர் நிழலில் தினத்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார் நைனா. முந்தின நாள் காலையில் வீட்டை விட்டுப் போன மனிதர்.

"பரீட்சை நைனா, பத்து மணிக்கு!"

சட்டென்று எழுந்தார். பின்னால் நின்ற வண்டி டிரைவரிடம், "மாமு, லைன் நவுந்தா என் வண்டியவும் எடுத்து வுடு" என்று சாவியை எறிந்தார். வரிசையில் எல்லோரும் எல்லோருக்கும் செய்கிற உதவி அது. டீக்கடைக்காரரின் சைக்கிளை வாங்கினார். "குந்து" என்றார். கேரியரில் தாவி ஏறினேன்.

டிரெய்லர்களுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இரண்டு முழச் சந்தில் சைக்கிள் பறந்தது. எல்லையம்மன் கோயில் தாண்டியதும் கேட்டார். "இன்னா பரீட்சை?"

பொய் வரவில்லை. எல்லாவற்றையும் அவர் முதுகிடம் சொல்லிவிட்டேன்.

"தத்துவமா? அத்த வண்டி பின்னால பெயிண்ட்ல எழுதிக்கினு இருவது வருசமா ஓட்டிக்கினு கீறேன். அத்துக்கு ஒரு காலேஜா? சரி, பெயிலானா இன்னா ஆவும்?"

"வெறும் கணக்குக்கு மாத்திடுவாங்க."

"அது நல்லதுதானே!"

மிதிப்பதை நிறுத்திவிட்டார். சைக்கிள் தானாக உருண்டது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "மிதி நைனா! எப்படி பெயிலானேன்னு சொல்றேன், அதக் கேட்டுட்டு அப்புறம் சொல்லு."

கடவுளை ஏழு வரியில் முடித்த கதையைச் சொன்னேன். டோல்கேட் அருகே அவர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் போய் ஒரு டிரெய்லர் டயரில் உரசியது. வளைகோட்டுக் கதையைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கோட்டுக்கு இந்தாண்ட இருந்தவன் அந்தாண்ட போனா, நடுவுல கோட்டத் தாண்டித்தானே ஆவணும்? இதுக்கு இன்னாத்துக்கு நாலு பக்கம்?"

"தாண்டினத நீ பாத்தியா?"

"பாக்காட்டி இல்லன்னு ஆயிடுமா?"

"அப்ப எங்க தாண்டினான்னு சொல்லு."

"அது தெரியாது. ஆனா தாண்டினான்!" ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டினார். தண்டையார்பேட்டை முழுக்க நாங்கள் கத்திக்கொண்டே போனோம். வரிசையில் நின்ற டிரைவர்கள் அப்பனும் மகளும் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து, "இன்னாபா பேஜாரு?" என்றார்கள். "தத்துவம்பா!" என்று நைனா பதிலுக்குக் கத்தினார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

கல்மண்டபத்தில் கூட்டம் நெருக்கியது. இறங்கி ஓடிவிடுகிறேன் என்றேன். "கம்முனு குந்து, லேட்டாவுது. ரெண்டையும் படி, இன்னா இப்போ" என்றார்.

பத்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது வேர்க்க விறுவிறுக்க அறைக்குள் நுழைந்தேன். அதே வளைகோட்டுக் கணக்கை நிறுவச் சொன்னார் பேராசிரியை. கோடு கீழே இருக்கும் இடங்களையெல்லாம் திரட்டி, அவற்றின் மேல் எல்லையைப் பிடித்து, ஒரு படி விடாமல் நிறுவினேன். கறுப்புக் கட்டமும் போட்டேன்.

"அந்தப் புள்ளி எங்கே?" என்றார் தத்துவப் பேராசிரியர்.

"தெரியாது சார்."

"தெரியாததை எப்படி இருக்கிறது என்கிறாய்?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "எங்க அப்பா எல்லையம்மன் கோயில்கிட்ட இந்தப் படிப்பு வேண்டாம்னு சொன்னார் சார். கல்மண்டபத்துல ரெண்டையும் படின்னு சொன்னார். நடுவுல எங்கே மனசு மாறினார்னு எனக்குத் தெரியாது. அவரைக் கேட்டா அவருக்கும் தெரியாது. ஆனா அப்படி ஒரு இடம் இல்லைன்னா நான் இங்கே நிக்க முடியாது."

பேராசிரியை முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டார். "உன் அப்பா தாவவில்லை, தொடர்ச்சியாகத்தான் மாறினார் என்பதற்கு என்ன ஆதாரம்?"

"சைக்கிள் எங்கேயும் நிக்கலை மேடம். ஒரு இடத்துல மிதிக்கிறதை நிறுத்தினார். அப்பவும் உருண்டுக்கிட்டுதான் இருந்தது."

பேராசிரியையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கையிலிருந்த சாக்பீஸ் விழுந்து உடைந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வாசலில் காக்கிச் சட்டை முழுக்க நனைந்து, சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார் நைனா. "ரெண்டுமே" என்றேன். "பின்ன?" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். போய்ப் பார்த்தால் அவர் லாரி ஒரு அடிகூட நகராமல் விட்ட இடத்திலேயே நின்றிருந்ததாம்.

பிறகு எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், எங்கே மனசு மாறினாய் என்று. "நான் எங்க மாறினேன்? மொதல்லேர்ந்தே படின்னுதான சொன்னேன்" என்று சாதிக்கிறார். என்னிடம் நிரூபணம் இருக்கிறது, அவரிடம் சொல்லிப் பயனில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, எல்லையம்மன் கோயிலிலிருந்து கல்மண்டபம் வரை பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறேன்.