காற்றுப் போன பிரஷர் டேங்க்

கிணற்றுத் தண்ணீரைக் காற்றழுத்தத்தால் குழாய்களுக்குத் தள்ள நாங்கள் வைத்த பிரஷர் டேங்க் ஒருநாள் மக்கர் செய்தது. குழாயைத் திறந்தாலே மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாகத் துடித்தது. பனியன் கம்பெனி நடத்தும் என் கணவரைச் செல்போனில் கூப்பிட்டேன்.

“ஷிப்மெண்ட் முடியட்டும். அதுக்குள்ள தானாச் சரியாயிரும்.”

எங்கள் வீட்டில் பல்வலிக்கும் அதுதான் மருந்து.

டேங்க்கில் சைக்கிள் டியூபில் இருப்பதுபோல ஒரு வால்வு இருந்தது. அமுக்கினேன், காற்றே வரவில்லை. காற்று இருந்தால்தானே தண்ணீரைத் தள்ளும்? மோட்டாரை நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டு, தோள்பட்டை விட்டுப்போகும்வரை சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். துடிப்பு அடங்கியது.

ஷிப்மெண்ட் முடிந்து வந்தவர் குழாயைத் திறந்து பார்த்தார்.

“நாந்தான் சொன்னனல்ல, தானாச் சரியாயிரும்னு.”

“ஆமாங்க” என்றேன்.

திரும்பியவரின் காலில் சைக்கிள் பம்ப் இடறியது.

“இதை எதுக்கு இங்க போட்டு வெச்சிருக்கற?”

“அடுத்த ஷிப்மெண்டுக்குங்க.”