கிணற்றுக்குள் கூப்பிட்ட பெயர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதக் காலையில், அச்சுவேலிக்குக் கிட்ட உள்ள எங்கள் வெங்காயத் தோட்டத்தில் நடந்தது இது. கிணற்றில் தண்ணீர் நன்றாகக் கீழே போயிருந்தது. அப்படியான நாட்களில் மண்ணெண்ணெய் மெஷினைக் கிணற்றின் பாதி ஆழத்தில் உள்ள கல் தட்டில் இறக்கி வைத்து இறைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

அன்று பாதி இறைப்பில் மெஷின் நின்றுவிட்டது. புகை கலையட்டும் என்று என் கணவர் சற்று நேரம் வரம்பில் இருந்தார். பிறகு எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடியில் தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது. "புகையெல்லாம் போயிட்டுது" என்று படியில் இறங்கினார். மெஷினை ஸ்டார்ட் பண்ணக் கயிறு இழுத்த சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

குனிந்து பார்த்தால், தட்டில் சாய்ந்து இருக்கிறார். கண் செருகிக்கொண்டு போகிறது. எங்களோடு தோட்டத்தில் நின்ற அவருடைய தம்பி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனார். ஒழுங்கையால் மீன் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வந்த வியாபாரி ஒருவர், எங்கள் பதற்றத்தைக் கண்டு ஓடிவந்து தம்பியின் தோளைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்கோ, உள்ளை கிடக்கிறது என்ரை அண்ணை!"

"அண்ணை வேணுமெண்டா மேலை நிண்டு கயித்தை இழும். இறங்கினா ரெண்டு பேரையும் தூக்கவேணும்."

வியாபாரி வாளிக் கயிற்றின் நுனியில் வளையம் போட்டு என் கணவருக்கு முன்னால் இறக்கினார். வேலியில் ஒரு பூவரசங் கொப்பை முறித்து, இன்னொரு கயிற்றில் கட்டித் தம்பியிடம் கொடுத்தார். உள்ளே தேங்கி நிற்கும் காற்று அசையும்படி மேலும் கீழும் அடிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, மனுசனைக் கூப்பிடுங்கோ. நித்திரையாக விட்டிடாதேங்கோ."

"இஞ்சாருங்கோ" என்றேன். நாலு பேருக்கு முன்னால் சத்தமாகக் கதைத்துப் பழக்கமில்லாத ஆள் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஊரிலை எல்லாப் பொம்பிளையளும் உப்பிடித்தானே கூப்பிடுகினம். பேரைச் சொல்லுங்கோ!"

கலியாணமாகி இருபது வருடத்துக்கு மேல். அவருடைய பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. யாரும் கேட்டால் மகள்தான் சொல்லுவாள். அன்று சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் பெருத்தது. கிணறு முழுக்க அந்தப் பெயர்தான். அவர் கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தார்.

"கயித்துக்குள்ளை கையைப் போடுங்கோ!"

ஒரு கை நுழைந்தது. வெகுநேரம் கழித்து மற்றக் கையும், தலையும். மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம்.

ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் வரும்வரை அந்த வியாபாரி எங்களோடு நின்றார். "எங்கடை ஊரிலை அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே கிணத்துக்குள்ளை செத்துப்போனவை" என்று மட்டும் சொன்னார். நன்றி சொல்ல வாயெடுக்கமுன் போய்விட்டார்.

வாயுவின் துணிக்கைகள் தூரத் தூர விலகி, ஓடித்திரிந்து, கிடைத்த இடம் முழுவதும் பரவும் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருக்கிறேன். அன்று புகையின் கறுப்பு மட்டும்தான் மறைந்தது. மெஷின் புகையிலிருந்த கண்ணுக்குத் தெரியாத நஞ்சு வாயு கிணறு நிறையப் பரவி, காற்றோட்டமில்லாத அந்தக் குழியை விட்டு வெளியேறாமல் நின்றது.

இப்போது மெஷின் மேலேதான் நிற்கிறது. வீட்டில் நான் பழையபடி "இஞ்சாருங்கோ"தான். ஆனால் அவர் தோட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு காலையிலும் அந்தப் பெயரை எனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்க்கிறேன், தேவைப்படும் நேரத்தில் குரல் வரவேண்டுமே என்று.