மெல்ல நடந்த துரியோதனன்

கன்னியப்பன் நடந்தால் பக்கத்து வீட்டு உறியில் தொங்கும் பானை ஆடும் என்று வல்லம் வடகாலில் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஆனால் ரொம்பக் கூட்டவில்லை. வாட்டசாட்டமான ஆள். அதற்கு மேலே கூத்துக்காரக் கால். தாண்டவராயன் வாத்தியாருடைய கூத்து ஜமாவில் அவன்தான் துரியோதனன். சலங்கையோடு கிறுகிறுவென்று சுற்றி வந்து இரண்டு காலையும் சேர்த்து ஓர் இறக்கு இறக்கினால், முன்வரிசையில் தூங்கிக் கிடப்பவர்கள் எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொள்வார்கள்.

இப்படிப்பட்டவனுக்கு அரசாங்கம் வேலை கொடுத்தது. அதுவும் எங்கே என்றால், காலடியே படக்கூடாத இடத்தில்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஊருக்கு மேற்கே இருந்த பாறைக் குன்றின் மேல் ஒரு நிலநடுக்கப் பதிவு நிலையம் வந்தது. நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜன்னல் இல்லாத ஓர் அறை, வெளியே மழை அளக்க ஒரு மழைமானி, சற்றுத் தள்ளிக் காவல்காரன் குடியிருக்க ஒரு வீடு, அவ்வளவுதான். அறைக்குள்ளே பாறையோடு சேர்த்துப் பொருத்திய ஒரு கருவி. விளக்குப் புகையில் கரியேற்றிய காகிதத்தைச் சுற்றிக்கொண்டு ஓர் உருளை மெல்லச் சுழலும். ஓர் ஊசி அதில் வெள்ளைக் கோடு கீறிக்கொண்டே போகும். பூமி சும்மா கிடந்தால் கோடு நேராகப் போகும், எங்காவது நடுங்கினால் ஊசி துள்ளும். காஞ்சிபுரத்துக்காரரான சபாபதி அங்கே பதிவாளர். காலையில் காகிதத்தை மாற்றி, பழையதை அழியாமலிருக்க வார்னிஷில் தோய்த்துக் காயவைத்து மெட்ராஸுக்கு அனுப்புவார். மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளப்பதும் அவர்தான். காவலுக்குக் கன்னியப்பன்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் அறை வாசலில் தொம்மென்று வைத்தான். சபாபதி உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"யோவ், அசாம்ல பூகம்பம்னு தந்தி எழுத உக்காந்துட்டேன்யா. நீதானா அது?"

"தண்ணி கொண்டாந்தேன் சார்."

"இனிமே மெத்துமெத்துனு நட. இந்த மிஷின இன்னான்னு நெனச்சே? வாலாஜாபாத்துல கோழி கிளறினாகூட இதுல தெரியும். இன்னொரு வாட்டி உன்னால ஊசி துள்ளிச்சுன்னா உன் வேலை காலி."

கோழி விஷயம் சபாபதி மிரட்டலுக்காகச் சேர்த்துக்கொண்டது. கன்னியப்பன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். குதிகாலை முதலில் வைக்காமல் விரலை முதலில் வைத்து நடக்கப் பழகினான். பழகியது பழகிவிட்டது, குன்றை விட்டு இறங்கினாலும் அதே நடைதான் வந்தது. கோபால் மளிகைக் கடையில் வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்த கோபாலின் முதுகுக்குப் பின்னால் அவன் சத்தமில்லாமல் போய் நின்றதில், வெல்லமும் தராசும் தரையில் கிடந்தன. நாலு நாள் கழித்து ஊரில் யாருடைய ஆடோ காணாமல் போனபோது, எல்லார் கண்ணும் ஒரு நிமிஷம் கன்னியப்பனின் கால் பக்கம் போய்வந்தது.

அவன் மனைவி பாஞ்சாலிக்கு இந்த வேலையில் பெருமை தாங்கவில்லை. மாதச் சம்பளம், சிமெண்ட் தரை போட்ட வீடு, தாய்வீட்டுப் பக்கம் யாருக்கும் கிடைக்காத மரியாதை. அதற்காக அவளும் கஷ்டப்பட்டாள். உரலைக் குன்றுக்குக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். சண்டை வந்தால் காலைத் தரையில் உதைப்பது அவள் சுபாவம். அதையும் மேலே செய்ய முடியாது. கோபம் வந்தால் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கிப் போய், கீழே இருந்த களத்துமேட்டில் ஆசைதீர உதைத்துவிட்டுத் திரும்பி வந்து மீதிச் சண்டையைப் போடுவாள்.

திரௌபதி அம்மன் திருவிழா வந்தது. பாரதக் கூத்தின் கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணில் பெரிய துரியோதனன் உருவம் செய்து படுக்கவைத்திருப்பார்கள். வேஷம் கட்டிய துரியோதனனும் பீமனும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடியும் அதன் மேல் ஏறிக் குதித்தும் சண்டை போடுவார்கள். குன்றிலிருந்து பார்த்தால் தெரிகிற பொட்டலில்தான் அது நடக்கும். தாண்டவராயன் வாத்தியார் ஆளைக் கேட்டு மேலே வந்தார்.

"வேற ஆளு போட்டுக்க வாத்தியாரே," என்றாள் பாஞ்சாலி. "இவுரு அங்க குதிச்சா இங்க மிஷின்ல வுயும். வேல பூடும். அப்பால எங்கம்மா வூட்டு வாசப்படிய நான் எப்டி மிதிக்கறது?"

"கிரீடம் இவன் தலைக்கு செஞ்சதும்மா. வேற எவனுக்கு வச்சாலும் கண்ண மறைக்குது."

கன்னியப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நெஞ்செல்லாம் ஆட்டத்துக்கு ஏங்கியது. வேலையையும் விட மனசில்லை.

"ஆடறேன்," என்றான். "மெதுவா ஆடறேன்."

துரியோதனன் மெதுவாக ஆடி யாராவது பார்த்திருக்கிறார்களா? அன்றைக்கு ஊரே பார்த்தது. கிரீடமும் புஜக்கட்டையும் சாயம் பூசிய மீசையுமாக வந்தவன், ஈரத் தரையில் வழுக்கி விழப் பயந்தவனைப் போல விரல் நுனியில் வந்தான். சலங்கை கிணுகிணுத்தது. பீமன் வேஷம் கட்டிய கோதண்டராமன் நோஞ்சான், அவன் போட்ட குதிகூட எடுப்பாக இருந்தது.

"துரியோதனன் கால்ல முள்ளு குத்திகீதா?" என்றது ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது. தாண்டவராயன் தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழாக்குறையாக நின்றார்.

துரியோதனனைத் திட்டித் தீர்க்கவென்றே வருஷா வருஷம் துடைப்பத்தோடு வருகிற பங்கஜம் அக்கா, இந்த வருஷம் துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "பாவம்டி, வுட்டுடுங்க. இவன கொன்னு இன்னா ஆவப் போவுது?" என்றாள்.

சிரித்ததை எல்லாம் பொறுத்துக்கொண்டவனுக்கு அந்தப் பரிதாபம் பொறுக்கவில்லை. குன்றை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். கூட்டத்தில் பாஞ்சாலி வேண்டாம் என்று தலையாட்டியதும் தெரிந்தது. அதற்குள் கால் சுற்ற ஆரம்பித்துவிட்டது. சுழன்று எழும்பி, மண் உருவத்தின் மார்புக்கு மேலே பறந்து, அந்தப் பக்கம் இரண்டு காலோடு இறங்கினான். சலங்கை அறுந்து மணிகள் சிதறின. மண் துரியோதனனின் ஒரு பக்கத்து மீசை பெயர்ந்து விழுந்தது. பங்கஜம் அக்கா துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு திட்டியபடி ஓடிவந்தாள். பாஞ்சாலி முகத்தை மூடிக்கொண்டாள். வேலை போனது போனதுதான் என்று தெரிந்தும், அந்த நிமிஷம் அவளுக்குப் புருஷன் மேல் ஆசையாக இருந்தது.

மறுநாள் காலை, முந்தின நாள் காகிதத்தை மாற்றிவிட்டுத் தன் ஊர் போயிருந்த சபாபதி வந்து காகிதத்தைக் கழற்றினார். கன்னியப்பன் வாசலில் கைகட்டி நின்றான்.

"நேத்து உச்சி வேளைக்கு முந்தி எது சார்?"

சபாபதி விரலால் காட்டினார். கோடு, படிய வாரிய வகிடு மாதிரி நேராக இருந்தது.

"நல்லா பாரு சார்."

"பாத்துட்டேன்யா. ஒரு பொட்டுகூட இல்ல."

"ஊசி கெட்டு கிட்டு பூட்ச்சா?"

"ஜோரா வேலை செய்யுது. தோ பாரு, விடியக்காலம் கடலுக்கு அந்தாண்ட எங்கியோ நடுங்கினதுகூட விழுந்திருக்கு. அவ்ளோ தூரம். ஏன்யா, என்ன விஷயம்?"

விஷயம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கன்னியப்பன் வீட்டுக்கு வந்தான். செய்தி கேட்டதும் பாஞ்சாலி அம்மன் படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள், பாயசத்துக்கு அடுப்பை மூட்டினாள். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

"வேலதான் தப்பிச்சுதே. துன்னேன்யா."

"எவனோ கடலுக்கு அந்தாண்ட நடுங்கினது வுயுந்துகீது. நான் குதிச்சது வுயலயாம்."

அன்றைக்கு முழுக்க அவன் சாப்பிடவில்லை. பாயசம் ஆறி ஏடு கட்டியது.

அடுத்த நாள் காலை சபாபதி புதுக் காகிதத்தைச் சுற்றி ஊசியைப் பொருத்திவிட்டு நிமிர்ந்தபோது, வாசற்பாறையில் கன்னியப்பன் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நின்றான். என்ன என்று அவர் கேட்பதற்குள் சுற்றினான், எழும்பினான், இரண்டு காலும் சேர இறங்கினான். உள்ளே மேஜை மேலிருந்த வார்னிஷ் டப்பா உருண்டது. ஊசி காகிதத்தை விட்டே வெளியே போய்த் திரும்பியது.

சபாபதி வாசலுக்கு வெளியே தலையை நீட்டினார். "பைத்தியமாய்யா உனக்கு? வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போனா போவட்டும் சார். எம்மாம் பெருசு வுயுந்துகீது, அத்த சொல்லு."

சபாபதி திட்டத்தான் வாயெடுத்தார். ஆனால் துள்ளின கோட்டைக் கண்டால் அளக்காமல் இருக்க அவர் கைக்குத் தெரியாது. அளவுகோலை எடுத்து வைத்தார், குனிந்து பார்த்தார், இன்னொரு தரம் வைத்தார்.

"காயிதமே பத்தலைய்யா," என்றார்.

கன்னியப்பன் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு, ஊசி பதறாதபடி விரல் நுனியில் வீட்டுக்குப் போய், பாஞ்சாலியைச் சோறு போடச் சொன்னான்.