ஆதிமூலம் வாங்கிய ஸ்பேனர் செட்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகும் சாலைக்குப் பின்னால் புதிதாக முளைத்த நகர் ஒன்றில் ஆதிமூலம் வீடு கட்டியபோது, வாசலை ஒட்டி ஒரு கார் ஷெட்டும் கட்டினார். அவரிடம் கார் கிடையாது. வாங்கும் எண்ணமும் கிடையாது. ஆனால் அந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் கார் ஷெட் இருந்தது. இவர் வீட்டுக்கு மட்டும் இல்லாமல் போனால் பல் விழுந்த வாய் மாதிரி தெரியும் என்று மேஸ்திரி சொன்னார். ஆதிமூலம் நம்பிவிட்டார். அந்த ஷெட்டில் அவருடைய பழைய பைக் ஒரு மூலையில் நிற்கும். மழைக்காலத்தில் துணி காயும்.

ஆதிமூலம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர். பிறந்தது எலவனாசூர்கோட்டை. அண்ணன் தம்பிகள் இன்னும் அங்கே நெல் போடுகிறார்கள். அவர் மட்டும் படித்து, சட்டையில் சேறு படாத வேலைக்கு வந்தவர். கோபக்காரர் இல்லை, கெட்டவரும் இல்லை. ஒரே ஒரு பழக்கம்தான். எந்தப் பொருளைப் பார்த்தாலும் விலை கேட்பார், ஆனால் வாங்க மாட்டார். பேருந்து நிலையத்துப் பூக்காரி முதல் டிராக்டர் கம்பெனிக்காரர் வரை அவருக்கு விலை சொல்லாத ஆள் ஊரில் இல்லை.

அவருக்கு ஸ்பேனர் ஆசையை மூட்டிவிட்டவன் மச்சினன் அஜித். சென்னையில் வேலை. பொங்கலுக்கு வந்தவன் ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னா மாமா, ஷெட்டுன்னா செவுத்துல ஒரு ஸ்பேனர் செட்டாவது தொங்க வேணாமா? வண்டில ஒரு நட்டு லூசானாகூட அடுத்தவங்கிட்ட போய் நிப்பீங்களா?"

ஆதிமூலத்துக்குச் சுருக்கென்றது. தன் வாழ்நாளில் ஒரு நட்டைக்கூட அவர் தொட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. வீட்டுக்கென்று ஒரு ஸ்பேனர் செட் வாங்கியே தீருவது, அதையும் கம்மி விலையில் நல்லதாக வாங்குவது என்று முடிவு செய்தார். முதல் பாதியை அன்றே செய்து முடித்திருக்கலாம். இரண்டாம் பாதிதான் அவரை மாதக்கணக்கில் அலையவிட்டது.

முதலில் கைப்பேசியில் வீடியோ பார்க்கத் தொடங்கினார். சாப்பிடும்போது, ஆலையில் மூட்டை ஏறும்போது, மாமனார் வீட்டுத் துக்கத்தில் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோதுகூடப் பார்த்தார். ரிங் ஸ்பேனர், டபுள் எண்டு, பாக்ஸ் ஸ்பேனர், குரோம் வனேடியம் என்று வாய் ஓயாமல் பேசினார். கடைத்தெரு ஹார்டுவேர் கடைக்காரர் இவர் தலை தெரிந்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளப் பழகினார். சின்னசேலம் போய் விசாரித்தார். அங்கிருந்து ரயிலேறிச் சேலம் போய் விசாரித்தார். நல்லது எல்லாம் விலை ஜாஸ்தியாக இருந்தது. கம்மியாக இருந்ததை அவரே நம்பவில்லை.

இதற்கிடையில் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்திருந்தது. மனைவி விஜயலட்சுமி அதன்கீழ் ஒரு வாளியை வைத்தாள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள் அவள். கைக்கு வேலையும் வாய்க்கு ஓய்வும் பிடிக்கும்.

"ஏங்க, அந்தக் கொழாய்க்கு ஒரு ஆளக் கூப்புடுங்களேன்."

"ஆளா? செட்டு வரட்டும், நானே பாத்துக்கறேன்."

வாளி நிறைந்தது. விஜயலட்சுமி அதைச் செடிக்கு ஊற்றினாள். செவ்வந்தி நன்றாகப் பூத்தது.

கடைசியில் செட் கிடைத்த இடம் களமருதூர். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனவர், சாலையோரம் ஒரு வேனைப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒலிபெருக்கி, "வூட்டுக்கு ஒரு பொட்டி, வண்டிக்கு ஒரு பொட்டி" என்று பாடிக்கொண்டிருந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் பெட்டி. திறந்தால் பளபளவென்று வரிசையாக ஸ்பேனர்கள், தலையில் எண்களோடு. வேன்காரர் சொன்ன விலையை ஆதிமூலம் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். சேலத்தில் ஒற்றை ஸ்பேனருக்குக்கூட அந்த விலை வராது. பழக்கதோஷத்தில் அதிலும் பேரம் பேசினார். வேன்காரர் மறுபேச்சில்லாமல் குறைத்தபோது கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வெற்றியின் மயக்கத்தில் அதெல்லாம் தோன்றவில்லை. காதுகுத்து விருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஷெட் சுவரில் ஆணியடித்து மாட்டினார். ஒவ்வொரு காலையும் ஒவ்வொன்றாக எடுத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவருக்கு ஒன்று புரிந்தது. இவ்வளவு அழகான பொருளை ஒரு துருப்பிடித்த நட்டின்மேல் வைத்து முறுக்கினால் கீறல் விழும்.

"கொழாய் இன்னாச்சு?" என்று விஜயலட்சுமி கேட்டாள்.

"அதுக்கு இத எடுக்கக்கூடாது விஜயா. தண்ணி பட்டா போச்சி."

அவள் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டாள். அவர் பாதி வேலையில், ஷெட்டில் தொங்கியதைப் பார்த்துக் கேட்டார். ஆதிமூலம் முகம் மாறிவிட்டது. "உங்க சாமான் இன்னா ஆச்சிங்க?" என்றார். பிளம்பர் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய்த் தன் ஸ்பேனரை எடுத்து வந்து குழாயைச் சரிசெய்தார். தையல் மெஷினில் ஒரு நட்டு ஆடியபோதும் அதே பதில்தான். "இது வண்டிக்குண்டானது." எதிர்வீட்டுத் தமிழ்வேந்தன் வந்து, பைக் கண்ணாடி ஆடுகிறது, ஒரு நிமிஷம் கொடுங்கள் என்றபோது, செட்டுக்கு இன்னும் பூஜை போடவில்லை என்று சொல்லி அனுப்பினார். ஆயுத பூஜை முடிந்து தமிழ்வேந்தன் மறுபடி வந்தார். பூஜை போட்ட பொருளை உடனே வெளியே தரக்கூடாது என்று ஒரு புதுச் சாஸ்திரம் பிறந்தது.

இந்த நிலையில்தான் மாதன் வீட்டுக் கல்யாணம் வந்தது. மாதன் கல்வராயன்மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர்க்காரர். சாமை விளைந்ததும் ஆலைக்குக் கொண்டுவருவார். வருகிறபோதெல்லாம் ஆதிமூலத்தின் வீட்டுக்கும் ஒரு பை சாமை வரும். அந்தப் பழக்கத்தில் மகள் சந்திரலேகாவின் கல்யாண ஜாக்கெட்டைத் தைக்கிற பொறுப்பு விஜயலட்சுமிக்கு வந்தது. கள்ளக்குறிச்சியில் எடுத்த முகூர்த்தப் புடவையும் ஓரம் அடிக்க அவளிடமே இருந்தது. கல்யாணத்தன்று விடியலில் இரண்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் மினி பஸ் ஏறினார்கள். விஜயலட்சுமியின் மடியில் புடவைப் பை. ஆதிமூலத்தின் மடியில் சிவப்புப் பெட்டி.

"கல்யாணத்துக்கு எதுக்குங்க இது?"

"வூட்ல வச்சிட்டு வந்தா தமிழ்வேந்தன் வந்து கேப்பாரு. நம்ம மீனா பாவம் பாத்துக் குடுத்துடும்."

மகள் மீனாவின் இளகிய மனதைப் பற்றி வருந்திக்கொண்டே அவர் கோமுகி அணையைக் கடந்தார். பஸ் மலையேறியது. பாதி வழியில் ஒரு திருப்பத்தில் ஆள் ஏற்ற நின்றது. ஏறிய ஆட்கள் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தது. டிரைவர் சாவியைத் திருப்பினார். டிக் என்றது, அவ்வளவுதான். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"பேட்டரி ஒயர் லூசா கீதுங்க. முறுக்கினா கெளம்பிடும். என் டூல்ஸ் பைய நேத்து ஒருத்தன் வாங்கிக்கினு போனான், குடுக்கல. ஆர்ட்டயாவது பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்குதா?"

ஆதிமூலம் சன்னல் வழியே மலையைப் பார்த்தார். மலை மிக அழகாக இருந்தது. வாங்கிப்போனவன் திருப்பித் தரவில்லை என்று டிரைவரே சொல்லிவிட்டார். இரவல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பெட்டியின்மேல் துண்டை விரித்தார்.

விஜயலட்சுமியின் போன் அடித்தது. மாதன்.

"எங்கம்மா வந்துக்கினு கீறீங்க? பொண்ணு பழைய பொடவையோட உக்காந்துக்கினு இருக்குது. முகூர்த்தம் நெருங்குதும்மா."

"இதோ வந்துடறோம் அண்ணே," என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, சத்தம் குறையாமல் கேட்டாள். "ஏங்க, குடுங்க."

"எத?"

"மடியில துண்டு போட்டு மூடி வச்சிக்கினு கீறீங்களே, அத."

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. தாய் மடியில் போர்த்தி வைத்திருக்கிற காய்ச்சல் குழந்தையைப் பார்க்கிற மாதிரி எல்லாரும் அந்தத் துண்டைப் பார்த்தார்கள். ஆதிமூலம் எழுந்தார். "நானே கொண்டாரேன்" என்றார். பெட்டியை அப்படியே கொடுக்க மனம் வரவில்லை.

பெட்டியைத் திறந்ததும் டிரைவரின் முகம் மலர்ந்தது. பத்தாம் எண்ணை எடுத்து நட்டில் வைத்துத் திருப்பினார். ஸ்பேனர் சுற்றியது, நட்டு அசையவில்லை. மறுபடி வைத்தார். மறுபடி சுற்றியது.

"இன்னா சார் இது? பத்துன்னு போட்டுக்கீது, வாய் பதினொண்ணுக்கு மேல கீதே!"

அடுத்த சின்னதை எடுத்தார். அதற்குள் நட்டு நுழையவே இல்லை. பார்க்க இறங்கி வந்த கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். ஆதிமூலத்துக்குக் காது மடல் சூடானது. தினமும் துடைத்த முகம், தினமும் படித்த எண். ஒரு நாளாவது ஒரு நட்டில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். களமருதூர் வேன்காரர் ஏன் மறுபேச்சில்லாமல் விலை குறைத்தார் என்பது மலைப்பாதையில் புரிந்தது.

"தோ, அப்பிடி ஓரமா வைங்க சார். வேற வண்டி வந்தா கேட்டுப் பாக்கலாம்," என்றார் டிரைவர்.

அந்த 'ஓரமா' ஆதிமூலத்தைச் சுட்டது. பார்த்த வீடியோக்களையெல்லாம் மனதில் ஓட்டினார். ஏதோ ஒன்றில் ஒருவர், வாய் அகலமான ஸ்பேனருக்கும் நட்டுக்கும் நடுவே ஒரு காசைச் செருகி முறுக்கியது நினைவுக்கு வந்தது. சட்டைப் பையைத் துழாவினார். அங்கேயும் பழக்கம் விடவில்லை. இருந்ததிலேயே சின்னக் காசாகப் பார்த்து எடுத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார்.

முதல் தடவை காசு நழுவிக் கீழே விழுந்தது. இரண்டாம் தடவை விரல் முட்டி தோல் உரிந்தது. பிறகு ஒரு பிடி பிடித்தது. அவர் பல்லைக் கடித்து முறுக்கினார். இரும்பு இரும்போடு உரசி நறநறவென்றது. அவர் இவ்வளவு நாள் பயந்த சத்தம் அதுதான். நட்டு திரும்பியது. கைக்குள் அது திரும்புவதை அவர் உணர்ந்தார். உடம்பெல்லாம் ஏதோ ஒரு சந்தோஷம் ஓடியது. ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மனிதர் தன் வாழ்க்கையில் முறுக்கிய முதல் நட்டு அது.

டிரைவர் சாவியைத் திருப்பினார். பஸ் உறுமியது. சிரித்தவர்தான் முதலில் கை தட்டினார். ஆதிமூலம் கிரீஸ் கையோடு ஏறி உட்கார்ந்தார். ஸ்பேனர் தலையில் நீளமாகக் கீறல் விழுந்திருந்தது. அதைத் துடைக்கவேயில்லை. விஜயலட்சுமி தன் முந்தானை ஓரத்தைக் கிழித்து விரலில் கட்டினாள். "நல்லாத்தான் முறுக்கினீங்க," என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் செய்த எந்த வேலையையும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

புடவை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சந்திரலேகாவுக்கு ஜாக்கெட் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. அளவெடுத்துத்தான் தைத்தது என்றாலும் எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். ஆனால் ஆதிமூலம் தாலி கட்டியதைப் பார்க்கவில்லை. பந்தல் கம்பியின் நட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தார். அது முடிந்து ஜெனரேட்டர் பக்கம் போனார். மாதன் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பந்தியில் உட்கார வைத்தார். "சாப்புடுங்க சாமி, கல்யாணம் முடிஞ்சி போச்சி. இனிமே எதுனா உழுந்தா உழட்டும்."

மலையிலிருந்து இறங்கியது வேறு ஒரு ஆதிமூலம். யாருக்கும் தராதவர், இப்போது யாரும் கேட்காமலே பெட்டியோடு கிளம்பினார். தையல் மெஷினை அவர் முறுக்கிய முறுக்கில் சக்கரம் நின்றுவிட்டது. தமிழ்வேந்தன் வீட்டு வாசலில் போய் நின்று, "கண்ணாடி ஆடுதுன்னீங்களே," என்றார். அதை எப்போதோ சரிசெய்துவிட்டதாகத் தமிழ்வேந்தன் கெஞ்சியும் கேட்கவில்லை. பைக்கின் முன்பக்கத்தைப் பிரித்து மறுபடி மாட்டினார். முடித்தபோது கையில் ஒரு நட்டும் இரண்டு வாஷரும் மிச்சம் இருந்தன.

"இது இன்னாங்க?" என்றார் தமிழ்வேந்தன்.

"கம்பெனிக்காரன் ஜாஸ்தியா வச்சிட்டான் போல."

அன்று மாலையே அந்த பைக்கைத் தள்ளிக்கொண்டு தமிழ்வேந்தன் பெரிய சாலை முனைக்குப் போனார். அங்கே கவியரசன் என்று ஒரு இளைஞர் அப்போதுதான் மெக்கானிக் கடை போட்டிருந்தார். வேலையில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடை அது. அடுத்த வாரம் அதே நகரிலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. பிறகு ஒரு தண்ணீர் மோட்டார். பிறகு நட்டு முனை மழுங்கிப்போன ஒரு சைக்கிள். எல்லாருக்கும் கதை ஒன்றுதான், ஆதிமூலம் வந்து பார்த்தார். ஒரே வருஷத்தில் கவியரசன் கடைக்கு முன்னால் தகரக் கொட்டகை இறக்கினார், உதவிக்கு ஒரு ஆளையும் வைத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு முந்திய நாள் கவியரசன் ஒரு பெட்டி இனிப்போடு ஆதிமூலத்தின் வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் கொடுத்தார்.

"நீங்க நல்லா இருக்கணும் சார். இந்த வேலைய மட்டும் உட்டுடாதீங்க."

ஆதிமூலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தொழில் தெரிந்த ஒருவன்தான் இன்னொருவனின் அருமையை அறிவான் என்று நினைத்துக்கொண்டார். "எதுனா சந்தேகம்னா கூச்சப்படாம வந்து கேளுப்பா," என்றார். கவியரசன் தலையைக் குனிந்தபடி, கேட்கிறேன் சார் என்றார்.

சமையலறை வாசலில் காப்பித் தம்ளரோடு நின்றிருந்த விஜயலட்சுமி, சிரிப்பு வந்துவிடும் என்று அப்படியே உள்ளே திரும்பிப் போய்விட்டாள். காப்பி கொண்டுவர வெகுநேரம் ஆனது.