நாற்பது பேர் சமையலறையில் இரண்டு பேர்

ஊரடங்கு வந்தபோது நான் விவேக் நகரில் ஒரு பெண்கள் பி.ஜி. விடுதியில் இருந்தேன். மொத்தம் நாற்பது பேர். கிடைத்த பஸ்ஸில், கிடைத்த காரில் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். சமையல்கார அம்மாவும் ஓசூருக்குப் போய்விட்டார். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் நெட் சரியாக வராது, எனக்கோ நாள் முழுக்க ஆபீஸ் கால் இருக்கும். சீக்கிரம் சரியாகிவிடும் என்று நினைத்துத் தங்கிவிட்டேன். மேல்மாடியில் இன்னொருத்தியும் தங்கிவிட்டாள். அவள் கோலார் தங்கவயல்காரி, அல்சூரில் ஒரு பார்லரில் வேலை. கிளம்பலாம் என்று அவள் பையைத் தூக்குவதற்குள் பஸ் நின்றுவிட்டது. அதுவரை படிக்கட்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம்.

கீழ்வீட்டில் இருந்த ஓனர் ஆன்ட்டிக்குச் சர்க்கரை. யாரையும் பக்கத்தில் விடப் பயந்தார். ஜன்னல் வழியாகச் சமையலறைச் சாவியை நீட்டி, அரிசி பருப்பெல்லாம் இருக்கிறது, நீங்களே பொங்கிச் சாப்பிடுங்கள், கேஸை மட்டும் மறக்காமல் மூடுங்கள் என்றார்.

அந்தச் சமையலறைக்குள் நான் அதுவரை நுழைந்ததே இல்லை. பி.ஜி. சாப்பாட்டையே பெரும்பாலும் தொடமாட்டேன். காலையில் ஒன்றும் கிடையாது. ஆபீஸில் மெஷின் டீயும் பிஸ்கட்டும், நினைத்த நேரத்தில் ஃபுட் கோர்ட்டில் ஏதாவது, ராத்திரி படுக்கையில் உட்கார்ந்தபடியே போனில் பிரியாணி. அம்மா போன் பண்ணி சாப்பிட்டாயா என்று கேட்டால், ஆச்சும்மா என்பேன்.

உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாமே பெரிசு. குளிக்கிற அளவுக்கு ஒரு தேக்சா, துடுப்பு மாதிரி கரண்டி. இருப்பதிலேயே சின்னப் பாத்திரத்தில் பத்துப் பேருக்குச் சமைக்கலாம். முதல் நாள் அதில் உப்புமா கிளறினோம். அது கஞ்சியாகிவிட்டது. டம்ளரில் ஊற்றிக் குடித்தோம். குடித்து முடித்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சமையலைவிடப் பெரிய பிரச்சினை பசி. எனக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் பசிக்கும். அவளுக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு. பார்லரில் கஸ்டமர் குறைகிற நேரம் அதுதானாம், நின்றபடியே ஒரு பஃப்ஸைத் தின்றுவிட்டு வேலையைத் தொடர்வாளாம். அதனால் அவள் சாப்பிடும்போது நான் ஆபீஸ் காலில் இருப்பேன், நான் இறங்கி வரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஆறிப்போன சோற்றைத் தனியாகத் தின்பேன், இல்லையென்றால் சிப்ஸோடு முடித்துக்கொள்வேன்.

ஒருநாள் அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, இந்தப் பாத்திரத்துல ஒரு ஆளுக்கு சமைக்க முடியல. ரெண்டு பேரும் ஒரே டைம்ல சாப்பிடலாமா?"

பகல் ஒன்று, ராத்திரி ஏழு என்று பேசி முடித்தோம். ஆபீஸ் காலண்டரில் ஒரு மணியைச் சாப்பாட்டுக்கு என்று ஒதுக்கிவைத்தேன். யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. முதல் சில நாள் பசியில்லாமலே தட்டின் முன் உட்கார்ந்தோம். பிறகு பன்னிரண்டரைக்கே வயிறு கூப்பிட ஆரம்பித்தது. எனக்கு அது அதிசயமாக இருந்தது. காலேஜ் முடித்ததிலிருந்து பகலில் பசித்த ஞாபகமே இல்லை.

காலையில் காய்கறி வண்டி வரும். ஒருநாள் அவள் கீழேயிருந்து, "அக்கா, சொப்பு வந்திருக்கு, வாங்கட்டா?" என்று கூப்பிட்டாள். ஊரே அடைந்து கிடக்கும்போது விளையாட்டுச் சாமானை யார் விற்கிறார்கள், இவள் எதற்கு வாங்குகிறாள் என்று இறங்கிப் போனால், கை நிறையக் கீரை வைத்திருந்தாள். கன்னடத்தில் கீரைக்குச் சொப்பு என்று பேராம். எங்கள் பக்கத்தில் சொப்பு என்றால் குழந்தைகள் வைத்துச் சமைத்து விளையாடும் குட்டிப் பாத்திரம் என்று சொன்னேன். அவள் சமையலறையைத் திரும்பிப் பார்த்து, நமக்கு இப்போ அதுதான் வேணும் என்றாள்.

அந்தக் கீரையில் சாறு வைத்து ராகி முத்தே கிண்டினாள். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டி, கட்டி விழாமல் கிளறி, சூட்டோடு உருட்டி என் தட்டில் வைத்தாள். நான் மென்றேன். பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. மெல்லக் கூடாது, சாற்றில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்றாள். மூன்றாவது வாய்க்குப் பிடிபட்டுவிட்டது.

வாசனை கீழ்வீடு வரைக்கும் போயிருக்கிறது. ஆன்ட்டி ஜன்னலில் நின்று என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டில் அவர் மட்டும்தான். வேலைக்கு வருகிறவளும் வராததால் பிரெட்டை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களிடம் எப்போதும் மிச்சம் இருக்கும். ஒரு கிண்ணத்தில் வைத்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். பி.ஜி. நடத்துகிற இத்தனை வருஷத்தில் அந்தச் சமையலறைச் சாப்பாட்டை அவர் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"உப்பு கம்மி," என்றார். கொஞ்சம் கழித்து, "நாளைக்கும் வைங்கம்மா."

அதிலிருந்து மூன்று பேருக்குச் சமைத்தோம். பாத்திரத்துக்கும் அது கொஞ்சம் பொருந்தியது.

ஊரடங்கு தளர்ந்து ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள், சமையல்கார அம்மாவும் வந்தார். அடுப்பு எங்கள் கையை விட்டுப் போனது. வரிசையில் நின்று தட்டை நீட்டியபோது இருவருக்கும் என்னவோ போல இருந்தது. அந்த வாரமே வீடு தேட ஆரம்பித்து, மர்பி டவுனில் மாடியில் ஒரு சின்ன வீடு பிடித்தோம். ஆன்ட்டிக்கு வருத்தம்தான், ஆனாலும் ஒரு குக்கர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போகிறேன். டிபன் பாக்ஸ் எடுத்துப் போகிறேன். அவள் பார்லரில் மத்தியானம் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டாள், கூட வேலை செய்கிறவர்களும் இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம். பிரியாணியை விட்டுவிடவில்லை, மாதத்தில் ஓரிரு ஞாயிறு ஆர்டர் பண்ணுகிறோம். அதுவும் ஒரு மணிக்கே வந்துவிட வேண்டும். லேட்டானால் அவள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பாள். நான் வெங்காயம் நறுக்கி வைத்துவிட்டுத் தட்டோடு உட்கார்ந்திருப்பேன்.