மணப்பெண்ணுக்குச் சொன்ன காரும் அதன் வாட்டர் பம்ப்பும்

என் ஞானமகளின் திருமணத்துக்கு முந்தைய நாள் காலை, வாசலில் நின்ற காரின் அடியில் பச்சை நீர் தேங்கியிருந்தது. வாட்டர் பம்ப் ஒழுகிக்கொண்டிருந்தது. ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்திய ஞானத்தந்தை என்ற முறையில், மணப்பெண்ணை என் காரில் நானே ஓட்டிச் சென்று கோயில் வாசலில் இறக்குவேன் என்று பெண் வீட்டாரிடம் பலர் முன்னிலையில் சொல்லியிருந்தேன்.

டிராக்டரில் கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் காட்சியை எங்கள் மாரண்டஹள்ளித் தெருவுக்கு வழங்க நான் தயாராக இல்லை. பஸ்ஸில் தருமபுரி சென்று புதிய பம்பும், ஒழுகாமலிருக்க அதற்கும் இன்ஜினுக்கும் இடையில் வைக்கும் பேக்கிங்கும் வாங்கி வந்து, வேட்டியை மாற்றிவிட்டு வேலையில் இறங்கினேன்.

எதிர்வீட்டுக்காரர், என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்றவர், கேட்டருகே வந்து நின்றார்.

“ஏங்க சார், பேசாம டாக்ஸிக்குச் சொல்லிடட்டுங்களா? பொண்ணு பட்டுப்பொடவையோட வண்டி தள்ள வேண்டாம் பாருங்க.”

“அவசியப்படாதுங்க,” என்றேன்.

பெல்ட்டையும் விசிறியையும் கழற்றினேன். பம்பின் போல்ட்டுகள் ஒரே நீளமுடையவை அல்ல. குட்டைத் துளையில் நீண்டதைத் திருகினால் பம்ப் இறுகாது. ஆகவே ஓர் அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்திவைத்தேன். பழைய பேக்கிங்கைச் சுரண்டிவிட்டுத் திரும்பினால் அட்டை வெறுமையாக இருந்தது.

“சொந்தக்காரங்க வர்ற நேரத்துல வாசல்ல எண்ணெப்பிசுக்கா கெடந்துச்சுங்க,” என்றாள் மனைவி. “டீசல்ல கழுவி டம்ளர்ல போட்டுட்டன். எப்பிடி மின்னுது பாருங்க!”

மின்னத்தான் செய்தன. எதிர்வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார்.

“சித்த இருங்க,” என்றேன்.

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினேன். “கழுவின கையாலயே புடி,” என்று புதிய பம்பை மனைவியிடம் கொடுத்து, அதன் இடத்தில் பொருத்திப் பிடிக்கச் செய்தேன். ஒவ்வொரு துளையிலும் ஈர்க்கை அடிமுட்டச் செலுத்தி, நகத்தால் குறித்து, அந்த அளவுக்குச் சற்றே குறைந்த போல்ட்டைத் தேர்ந்தேன். அளந்த பிறகே பேக்கிங் வைத்து, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினேன். விசிறியையும் பெல்ட்டையும் திரும்ப மாட்டி, தண்ணீர் நிரப்பி, இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டேன். கீழே விரித்த செய்தித்தாள் உலர்ந்தே கிடந்தது.

மறுநாள் பெண் வீட்டு வாசலில், உறவினர் அனைவரும் பார்த்திருக்க, எதிர்வீட்டுக்காரர் குனிந்து காரின் அடியை ஆராய்ந்தார்.

“ஒரு சொட்டுக்கூட இல்லீங்களே சார்.”

“டாக்ஸி இன்னும் வரலீங்களா?” என்று கேட்டேன்.

மணப்பெண் ஏறினாள். வெப்பம் காட்டும் முள் கோயில் வாசல்வரை நடுவிலேயே நின்றது.